நிமோ ஜோடி அனிமோன் பக்கமே போகவில்லை, மீனை மாற்றுவதா, அனிமோனை மாற்றுவதா?

பெரம்பூர்_உப்பு | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். நன்னீர் மீன் பத்து வருடமாக வளர்க்கிறேன். உப்புத்தண்ணீருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மூன்றடி டேங்க், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கிட்டத்தட்ட 190 லிட்டர். உள்ளே இரண்டு நிமோ (ஓசெல்லாரிஸ்), ஒரு மாண்டரின், ஒரு கோரல் பியூட்டி, ஒரு கிளீனர் இறால். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கிற கடல் பாறை) 15 கிலோ.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு அனிமோன் (பூ மாதிரி விரல்களை விரித்து உட்காருகிற, கொட்டுகிற கடல் உயிர்) வாங்கினேன். பால் போல வெள்ளை, விரல் நுனியெல்லாம் ஊதா. "நிமோ வெச்சிருக்கீங்க, இது இல்லாம எப்படி சார், அதுக்கு வீடே இதுதான்" என்றார் கடைக்காரர். சரி என்று வாங்கிவிட்டேன். வந்த நாளிலிருந்து நிமோ இரண்டும் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரியானால் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. அனிமோன் முதல் இரண்டு நாள் மணலில் இருந்தது, பிறகு கண்ணாடியில் ஏறியது, இன்று மறுபடி கீழே. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கோரல் பியூட்டி அதை இரண்டு தடவை கொத்தியதையும் பார்த்தேன்.

இந்த மீனுக்கு இந்த அனிமோன் பொருந்தாதா? மீனை மாற்றுவதா, அனிமோனை மாற்றுவதா? வீட்டில் ஏற்கெனவே செலவுக் கணக்கு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோவை_பழைய_டேங்க் | செவ்வாய், இரவு 11.15

தம்பி, பொருத்தம் அப்புறம் பார்க்கலாம். முதலில் நான்கு கேள்வி. லைட் என்ன? சாலினிட்டி (தண்ணீரில் உப்பின் அளவு) எவ்வளவு, எதை வைத்து அளக்கிறீர்கள்? பகலில் தண்ணீர் எத்தனை டிகிரி? அனிமோனின் அடிப்பக்கம் எந்த நிறம், தண்டில் பரு மாதிரிப் புள்ளிகள் இருக்கிறதா?

வெள்ளை என்று சொன்னதுமே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அனிமோனுக்கு அந்த வெள்ளை இயல்பான நிறம் இல்லை. அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கும். வெளிச்சத்தை வாங்கி அது செய்கிற சாப்பாட்டில் பெரும்பங்கு அனிமோனுக்குத்தான் போகும். அந்தப் பாசி இருந்தால் உடம்பு பழுப்பு, தேன் நிறம், பச்சை என்று இருக்கும். பிடித்து, பையில் கட்டி, இருட்டில் அனுப்பி, சூட்டில் வைத்து அலைக்கழித்தால் பாசியைத் துப்பிவிடும். அப்போது கிடைப்பதுதான் இந்தப் பால் வெள்ளை. நீங்கள் வாங்கியது பட்டினியில் இருக்கிற நோயாளி.

பெரம்பூர்_உப்பு | செவ்வாய், இரவு 11.50

அண்ணா, லைட் டேங்கோடு வந்த எல்இடிதான். சாலினிட்டி 1.022, முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். பகலில் 30 டிகிரி வரை போகிறது, சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கிற கருவி) இல்லை, ஃபேன் மட்டும். நைட்ரேட் 40. அடித்தண்டு சாம்பல் நிறம், தோல் மாதிரித் தடிப்பாக, சின்னச் சின்னப் பரு இருக்கிறது. கடையில் "சீபே" என்றார்கள்.

தாம்பரம்_பவளக்கொடி | புதன், காலை 6.30

சீபே அனிமோன்தான், வர்ணனை அப்படியே பொருந்துகிறது. காலை, அதாவது அடித்தண்டை, மணலுக்குள் புதைத்து, விரல்கள் இருக்கிற மேல்தட்டை மணல்மேல் விரித்து உட்காருகிற வகை. கண்ணாடியில் ஏறியது என்றால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பொருத்தம் பற்றிக் கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடலில் அனிமோன் வகை ஆயிரத்துக்கும் மேல். அதில் நிமோ இன மீன்களுக்கு இடம் கொடுப்பது பத்தே பத்து. மீன் பக்கம் முப்பதை ஒட்டிய வகைகள். எல்லாரும் எல்லாரோடும் சேர்ந்துவிட மாட்டார்கள்.

மெரூன் நிமோவுக்குக் கடலில் ஒரே அனிமோன்தான், பபிள் டிப். வேறு எதிலும் பார்க்க முடியாது. டொமேட்டோவுக்கும் பெரும்பாலும் அதேதான். கிளார்க்கிக்கு எல்லா வீடும் தன் வீடு, பத்திலும் இருக்கும். உங்களிடம் இருக்கிற ஓசெல்லாரிஸ் கடலில் மூன்று அனிமோனில் வாழும்: மேக்னிஃபிகா, ஜைஜான்டியா கார்ப்பெட், மெர்டன்சி கார்ப்பெட். மூன்றுமே வீட்டில் வைத்துக் காப்பாற்றக் கஷ்டமானவை, புதிதாக வந்தவர்கள் தொடவே கூடாது. ஓசெல்லாரிஸுக்கு அச்சு அசலாக இருக்கிற பெர்குலா சீபேயில் வாழும், ஓசெல்லாரிஸ் கடலில் அதில் இருப்பதில்லை. கடையில் இரண்டுமே "நிமோ" என்ற ஒரே பெயரில் போய்விடுவதால் இந்தக் குழப்பம்.

இதில் ஒரு வேடிக்கை. சீபே என்ற பெயரில் ஒரு மீனும் இருக்கிறது, ஒரு அனிமோனும் இருக்கிறது. சீபே மீன் அந்த சீபே அனிமோனில் வாழாது! அது ஹேடோனி கார்ப்பெட்டில்தான் இருக்கும். யார் வைத்த பெயரோ, எத்தனை பேர் பணத்தைக் கரைத்ததோ.

ஆனால் மேலே சொன்னதெல்லாம் கடல் கணக்கு. டேங்க்கில் ஓசெல்லாரிஸ் பபிள் டிப்பில் போய் உட்காரும், சீபேயிலும் சில சமயம் உட்காரும். உட்காராமலே காலத்தை ஓட்டுவதும் உண்டு. உங்கள் ஜோடி பண்ணையில் பிறந்ததாக இருந்தால் அனிமோன் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. என் ஜோடி ஏழு மாதம் பாசி சுரண்டுகிற காந்தத்தைத்தான் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே நல்ல பபிள் டிப் ஒன்று தட்டு மாதிரி விரிந்து கிடந்தது, சீண்டவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன், பெண் மீன் மட்டும் பின்பக்கமாக நகர்ந்து போய் வாலை ஒரு விரலில் உரசிவிட்டு உதறிக்கொண்டு ஓடி வந்தது. திரும்பப் போனது. இந்தத் தடவை வயிறு. மறுபடி உதறல். அரை மணி நேரம் இதே விளையாட்டு. வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டும் உள்ளே புரண்டுகொண்டிருக்கின்றன, ஆண் மீனின் தலை மட்டும் வெளியே. எனக்கு அன்றைக்குச் சமையலே ஓடவில்லை.

குடைக்குள்_மழை | புதன், காலை 9.05

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். டேங்க்கில் நிமோவுக்கு அனிமோன் எதற்கு? கடலில் பெரிய மீன் பிடித்துத் தின்னும், அதனால் ஒளிய இடம் வேண்டும். நம் வீட்டில் அதைத் தின்ன யார் இருக்கிறார்கள்? என் ஜோடி ஐந்து வருடமாக அனிமோன் இல்லாமல் நன்றாக இருக்கிறது, முட்டையும் போடுகிறது. "நிமோ இருந்தால் அனிமோன் வேண்டும்" என்பது கடைக்காரர் எழுதிய வேதம். திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கோவை_பழைய_டேங்க் | புதன், காலை 9.40

குடைக்குள்_மழை சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. மீனுக்கு அனிமோன் தேவையில்லை. பார்க்க ஆசைப்படுகிற நமக்குத்தான் தேவை. அந்த ஆசை தப்பில்லை, ஆனால் அதை மீன் தலையில் கட்டக் கூடாது.

கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும் என்பேன். "என் நிமோவுக்கு எந்த அனிமோன்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "இந்த அனிமோனோடு என் டேங்க்கில் வேறு யார் பிழைக்க முடியும்" என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. அனிமோன் உள்ளே வந்துவிட்டால் டேங்க் அதனுடையது. மீன் எல்லாம் வாடகைக்கு இருப்பவைதான்.

தங்கச்சிமடம்_தோணி | புதன், மதியம் 1.20

நான் டேங்க் வைத்ததில்லை, சும்மா படிக்க வருகிறவன். ஆனால் சின்ன வயதிலிருந்து இந்தக் கடலில் கிடக்கிறேன். அக்கா சொன்ன ஹேடோனி, சீபே மீன் இரண்டும் எங்கள் பக்கத்தில் உண்டு. பாறையில் இருக்கும் என்று தேடினால் கிடைக்காது, மணல் தரையில் விரித்த பாய் மாதிரி இருக்கும். கால் பட்டால் சட்டென்று மணலுக்குள் இழுத்துக்கொள்ளும். கையால் தொட்டால் பசை போட்ட மாதிரி ஒட்டும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மேலே கறுப்பு நிமோ இரண்டு மூன்று இருக்கும், வாலில் மஞ்சள். பெரியது ஒன்று நம் முகத்துக்கு நேரே வந்து முறைக்கும். விரல் நீளம் இல்லாத மீனுக்கு அத்தனை தைரியம். கூடவே கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த குஞ்சு மீனும் சில சமயம் அதே அனிமோனில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

ஒரு விஷயம். மன்னார் வளைகுடாவில் 21 தீவையும் சேர்த்து 1986இலேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், அதற்குள் எதையும் எடுக்கக் கூடாது. யாராவது "ராமேஸ்வரத்திலிருந்து ஃப்ரெஷ்ஷாக வந்தது" என்று விற்றால் எங்கிருந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிமோ வேண்டுமென்றால் குஞ்சு பொரிக்க வைத்தே வளர்க்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடத்துக்கு முன்னாலேயே செய்து காட்டிவிட்டார்கள். பரங்கிப்பேட்டையிலும் செய்கிறார்கள்.

குடைக்குள்_மழை | புதன், மதியம் 1.45

கறுப்பில் வெள்ளைப் புள்ளி: த்ரீ ஸ்பாட் டாம்செல். குட்டியில் அழகு, வளர்ந்தால் ரவுடி. டேங்க்கில் போட்டுவிட்டு அழாதீர்கள்.

திருமலை_சுழியோடி | புதன், மாலை 5.10

எங்கட பக்கம் புறாமலையில சுழியோடினால் கிளார்க்கி தாராளமாகப் பார்க்கலாம். இலங்கையிலும் மாலைதீவிலும் இருக்கிற இன்னொரு வகை நைக்ரிப்பஸ், வயிறும் வயிற்றுச் செட்டையும் கறுப்பு. அதுக்கு மேக்னிஃபிகா ஒன்றுதான் வீடு, வேறெதுக்கும் போகாது.

மேக்னிஃபிகாவைக் கடலில் பார்த்தவர் அதை டேங்குக்கு வாங்கமாட்டார். அது எப்பவும் பாறையின் உச்சியில், வெயிலும் நீரோட்டமும் நேரே அடிக்கிற இடத்தில் ஏறி இருக்கும். காற்றில் துணி ஆடுவது போல முழு உடம்பும் ஆடும். உங்கட மூன்றடித் தொட்டியில் அந்த நீரோட்டத்துக்கு எங்கே போவது? அதுதான் டேங்கில் விட்டால் இடம் தேடி ஊர்ந்துகொண்டே திரிகிறது. நீரோட்டம் எங்கே கூட இருக்கோ அங்கே போகும். டேங்கில் நீரோட்டம் கூடின இடம் எது? பம்பின் வாய்.

கோவை_பழைய_டேங்க் | புதன், இரவு 8.30

சுழியோடி சொன்ன கடைசி வரியைப் பெரம்பூர்த் தம்பி நன்றாகப் படிக்கவும். உங்கள் வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் உண்டாக்குகிற பம்ப்) ஸ்பாஞ்ச் கவர் இருக்கிறதா? இல்லையென்றால் இன்று இரவே போடுங்கள். அனிமோன் நகர்வது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

இப்போது மற்ற மீன்கள். என் கதையைச் சொன்னால் புரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஐந்தடி டேங்க்கில் ஒரு ஹேடோனி வைத்திருந்தேன். பச்சை, ஒன்றரை அடி விட்டம். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். கிளார்க்கி ஜோடி அதில் ராஜாவும் ராணியும். ஒரு நாள் காலையில் ஃபயர்ஃபிஷ் காணோம். மேலே மூடி இல்லை, குதித்திருக்கும் என்று சோபாவுக்குக் கீழே எல்லாம் தேடினோம். இரண்டு மாதம் கழித்து லான்மோவர் பிளென்னி காணோம். அதற்கும் குதித்த கணக்குத்தான் எழுதினேன்.

மூன்றாவது, ஆறு மாதம் ஆசையாக வளர்த்த மாண்டரின். அன்றைக்கு விடியற்காலையில் லைட் போடுமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்ப்பெட் நடுவில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை மாதிரி சுருண்டிருந்தது. முடிச்சின் ஓரத்தில் ஒரு நீலத் துடுப்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றும். எடுத்திருந்தாலும் பிழைத்திருக்காது. மறுநாள் சாயங்காலம் கோழையில் சுற்றிய ஒரு உருண்டையைத் துப்பியது. அதில் முள்.

ஆக, எது மாட்டும்? மெதுவாகப் போகிறவை, தரையில் உட்காருகிறவை, ராத்திரி எங்கே வேண்டுமானாலும் படுத்துத் தூங்குகிறவை. மாண்டரின், கோபி, பிளென்னி, ஃபயர்ஃபிஷ். கடல்குதிரை மாட்டினால் விடுவித்துக்கொள்ள அதற்குத் தெம்பே கிடையாது (கடல்குதிரையை நம் நாட்டில் 2001இலிருந்தே பிடிக்கவோ விற்கவோ கூடாது, அது வேறு வழக்கு). கார்ப்பெட் வகைதான் இதில் மோசம். பபிள் டிப் அந்த அளவுக்குக் கொடுமை இல்லை, ஆரோக்கியமான சுறுசுறுப்பான மீன் அதனிடம் மாட்டுவது அபூர்வம். சாகப்போகிற மீன் மாட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அனிமோனைத் தின்கிற மீன்கள். பட்டர்ஃப்ளை, பெரிய ஏஞ்சல், டிரிகர், பஃபர் எல்லாம் அனிமோன் டேங்க்குக்கு வேண்டாம். ஐப்டேசியா களையை ஒழிக்க காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை வாங்குவார்கள். ஐப்டேசியாவும் அனிமோன் இனம்தானே, அந்த மீனுக்கு எது களை எது உங்கள் காசு என்று எப்படித் தெரியும்? உங்கள் கோரல் பியூட்டி சின்ன ஏஞ்சல், பாதிக்குப் பாதி. தெம்பாக இருக்கிற அனிமோனை, அதுவும் நிமோ காவல் இருந்தால், பெரும்பாலும் விட்டுவிடும். வாடிக் கிடப்பதைக் கொத்தும். இப்போது கொத்துகிறது.

கிளீனர் இறால் அனிமோனைத் தின்னாது, ஆனால் பெரிய திருடன். அனிமோன் வாயில் நீங்கள் வைக்கிற துண்டை உள்ளே கைவிட்டு எடுத்துக்கொண்டு போகும். நிமோ சில சமயம் துரத்தும், சில சமயம் வேடிக்கை பார்க்கும்.

மாண்டரின் பற்றி ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான்கு மாத டேங்க்கில் அது தின்கிற கோப்பெபாட் என்ற நுண்ணிய உயிர்கள் தீர்ந்துபோயிருக்கும். மேலிருந்து பாருங்கள், தலைக்குப் பின்னால் முதுகு பள்ளம் விழுந்திருந்தால் அது அனிமோனிடம் சாவதற்குள் பட்டினியால் செத்துவிடும்.

சிங்கை_ரீஃப் | புதன், இரவு 9.15

இரண்டு வகை அனிமோனை ஒரே சின்ன டேங்க்கில் போடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. தொடாமலே தண்ணீர் வழியாக ஒன்றையொன்று வதைக்கும். இங்கே ஒருத்தர் நாலடி டேங்க்கில் பபிள் டிப்பும் லாங் டென்டக்கிளும் வைத்துவிட்டு ஏன் இரண்டும் சுருங்குகிறது என்று மூன்று மாதம் தண்ணீரையே டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கொடுத்தார், தண்ணீரைச் சுத்தப்படுத்தக் கார்பன் போட்டார், மற்றது விரிந்துவிட்டது.

அப்புறம் காண்டி என்ற அனிமோன். கரீபியன் கடல் சரக்கு, அங்கே நிமோவே கிடையாது. விலை மலிவு என்று வாங்கி நிமோவோடு போடுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் உண்டு, இரையாகிப்போனதும் உண்டு.

வியாசை_மணி | புதன், இரவு 10.20

நிமோ உடம்பில் ஏதாவது மருந்து தடவியிருக்குமா? அதை மட்டும் ஏன் கொட்டுவதில்லை? என் பையன் கேட்கிறான், எனக்கும் தெரியவில்லை.

தாம்பரம்_பவளக்கொடி | புதன், இரவு 10.45

தடவவில்லை, அதன் உடம்பிலேயே இருக்கிறது. மீன் மேலிருக்கிற வழவழப்புக் கோழைதான் காரணம். அனிமோன் விரலில் லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஈட்டி, சுருள் கம்பி மாதிரிச் சுருட்டி வைத்திருக்கும். தொட்டது இரை என்று வேதிப்பொருளை வைத்துத் தெரிந்துகொண்டால் வெடிக்கும். மற்ற மீன்களின் கோழையில் சியாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரைப் பொருள் தாராளமாக இருக்கும். நிமோவின் கோழையில் அது ரொம்பக் குறைவு என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ருசி தெரியாததால் ஈட்டி கிளம்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மீன் உரசி உரசிப் பழகிக்கொள்வதும் உண்டு. கோழை உரிந்துபோன, அடிபட்ட நிமோவை அனிமோன் கொட்டும், அது பாதுகாப்பு போன மீன்.

பையனிடம் இதையும் சொல்லுங்கள், கூட்டத்தில் பெரியதுதான் பெண். பெண் செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிவிடும்.

பெரம்பூர்_உப்பு | வியாழன், விடியற்காலை 1.25

அவசரம். தண்ணீர் குடிக்க எழுந்தேன், டேங்க் முழுக்கக் கலங்கலாக இருக்கிறது. அனிமோன் வேவ்மேக்கரில் மாட்டிவிட்டது. பாதி உடம்பு உள்ளே, வெள்ளை வெள்ளையாக நூல் தண்ணீரெல்லாம் மிதக்கிறது. ஸ்பாஞ்ச் நாளைக்கு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். என்ன செய்வது?

சிங்கை_ரீஃப் | வியாழன், விடியற்காலை 1.31

முழித்துத்தான் இருக்கிறேன், இங்கே நாலு மணி, வேலைக்குக் கிளம்புகிறேன். வேவ்மேக்கர் பிளக்கைப் பிடுங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு பம்போடு சேர்த்து வெளியே எடுங்கள், டேங்க்குக்குள் வைத்துப் பிய்க்க வேண்டாம். மிதக்கிற துண்டை வலையால் அள்ளுங்கள். கலந்து வைத்த உப்புத்தண்ணீர் இருக்கிறதா?

பெரம்பூர்_உப்பு | வியாழன், விடியற்காலை 1.44

40 லிட்டர்தான் இருக்கிறது. ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கிற கருவி) இல்லை. எடுத்துவிட்டேன். நாற்றம் தாங்கவில்லை, அழுகிய முட்டை மாதிரி. வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

சிங்கை_ரீஃப் | வியாழன், விடியற்காலை 1.49

நாற்பதையும் மாற்றுங்கள். கார்பன் இருந்தால் ஃபில்டரில் போடுங்கள். ஏர் பம்ப் இருந்தால் இரண்டு கல் போட்டு ஓடவிடுங்கள், மீன் இப்போது மூச்சுக்குத்தான் திண்டாடும். விடிந்ததும் இன்னும் 60 லிட்டர் கலக்குங்கள். அமோனியா டெஸ்ட் எடுங்கள். இன்றைக்குத் தீனி வேண்டாம்.

பெரம்பூர்_உப்பு | வியாழன், இரவு 9.00

காலையில் அமோனியா 1 காட்டியது, இரண்டாவது தண்ணீர் மாற்றியபின் 0.25. கிளீனர் இறால் போய்விட்டது. மாண்டரின் மதியம் செத்தது, அண்ணா சொன்ன அந்த முதுகுப் பள்ளம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. நிமோ இரண்டும் கோரல் பியூட்டியும் இருக்கின்றன. தண்ணீர் மேலே மேலே வந்து மூச்சு வாங்கிய நிமோவை வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நேற்று வரை கணக்குக் கேட்ட அம்மாதான் வாளி தூக்கி வந்தார்.

திருமலை_சுழியோடி | வியாழன், இரவு 9.20

மனசை விடாதேங்கோ தம்பி. எல்லாருக்கும் முதல் அனிமோன் இப்படித்தான் போகும். எனக்குத் தெரிந்த ஆட்களில் ஒருத்தருக்கும் முதலாவது தப்பவில்லை.

வியாசை_மணி | வெள்ளி, காலை 8.10

நிமோ உடம்பில் வெள்ளையாக ஏதும் வந்தால் காப்பர் மருந்து போடலாம் தானே? இப்போது அனிமோனும் இல்லையே.

கோவை_பழைய_டேங்க் | வெள்ளி, காலை 8.50

மெயின் டேங்க்கில் காப்பர் போடவே வேண்டாம். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்னால் நீங்கள் வைக்கப்போகிற அனிமோன், இறால், நத்தை எல்லாம் அதில் சாகும். மருந்து என்றால் தனி வாளி, தனி டேங்க். கடலில் பிடித்த நிமோவுக்குப் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய் வரும், தோல் உரிகிற மாதிரிக் கோழை கொட்டும். அதற்குக் காப்பர் கேட்காது, ஃபார்மலின்தான், அதுவும் வெளியே வைத்து.

பெரம்பூர்_உப்பு | வெள்ளி, இரவு 10.00

மறுபடி ஒரு நாள் முயற்சி செய்வேன். என்ன வாங்க வேண்டும், எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.

தாம்பரம்_பவளக்கொடி | சனி, காலை 7.00

எப்போது என்றால், இன்னும் ஏழெட்டு மாதம் கழித்து. டேங்க் ஒரு வருடத்தைத் தொடட்டும். அதற்குள் ஹைட்ரோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ரிஃப்ராக்டோமீட்டர், சாலினிட்டி 1.025, 1.026க்குள் ஆடாமல். ஸ்கிம்மர். 30 டிகிரி என்பது அனிமோனுக்குக் காய்ச்சல், 27க்குள் வர வேண்டும், சென்னை வெயிலுக்கு ஃபேன் போதாது, சில்லர்தான். நைட்ரேட் பத்துக்குக் கீழே. நல்ல ரீஃப் லைட். இதெல்லாம் சேர்த்தால் அனிமோன் விலை ஒன்றுமே இல்லை என்று தெரியும்.

எது என்றால், பபிள் டிப் மட்டும். ஓசெல்லாரிஸுக்கு இயற்கை வீடு அது இல்லைதான், ஆனால் நம் வீட்டில் பிழைக்கிறது, பாறைப் பொந்தில் காலை விட்டு உட்கார்ந்தால் பெரிதாக நகர்வதில்லை, வளர்ந்தால் தானே இரண்டாகப் பிளந்து குட்டி போடுகிறது. கடையில் பார்த்தால் வாய் இறுக மூடியிருக்கிறதா, கால் கிழியாமல் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை வேண்டாம். பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் என்று ஒரே நிறத்தில் நுனி வரை இருந்தால் சாயம் ஏற்றியது, அதுவும் வெள்ளைதான், மேலே பெயிண்ட். முன்னால் ஒரு இறால் துண்டு கொடுக்கச் சொல்லுங்கள், பிடித்து மடங்கினால் நல்லது.

வீட்டுக்கு வந்தபின் வாரம் ஒன்றிரண்டு தடவை பட்டாணி அளவு இறால் துண்டு. பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் வாந்தி எடுக்கும். மீனைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம் இல்லாத அனிமோனைப் பெரிய நிமோவிடம் கொடுக்காதீர்கள், புரண்டு புரண்டே அதைச் சாகடித்துவிடும்.

பணம் கொடுத்து வாங்கவே வேண்டாம். என் பபிள் டிப் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பிளக்கிறது. டேங்க் தயாரானதும் சொல்லுங்கள், ஒன்று தருகிறேன்.

குடைக்குள்_மழை | சனி, காலை 9.30

பபிள் டிப் இயற்கை வீடு வேண்டுமென்று யாராவது மெரூன் வாங்கப் போவதற்குள் சொல்லிவிடுகிறேன். பெண் மெரூன் ஆறு அங்குலத்துக்கு மேலேயும் வளரும். 190 லிட்டரில் அது, அதன் புருஷன், அனிமோன், வேறு யாரும் மிஞ்ச மாட்டார்கள். தண்ணீர் மாற்றப் போகிற கையையும் கடிக்கும். இருக்கிற ஜோடியே போதும்.

பெரம்பூர்_உப்பு | எட்டு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை மேலே இழுத்ததற்கு மன்னிக்கவும். சில்லர் வந்தது, ஸ்கிம்மர் வந்தது, தண்ணீர் 26 டிகிரி, 1.025, நைட்ரேட் 5. வேவ்மேக்கர் இரண்டுக்கும் ஸ்பாஞ்ச்.

செய்தி அதில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த மண் சட்டிக்குள் நிமோ முட்டை போட்டிருக்கிறது! செவ்வாய்க்கிழமை ஆரஞ்சு நிறத்தில் பார்த்தேன், இன்று கறுத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளியாக இரண்டு கண் தெரிகிறது. ஆண் மீன் விடாமல் விசிறிக்கொண்டே இருக்கிறது. அனிமோன் இல்லாமலே!

குடைக்குள்_மழை | ஞாயிறு, இரவு 8.22

சொன்னேனா இல்லையா.

கோவை_பழைய_டேங்க் | ஞாயிறு, இரவு 8.50

வெள்ளிக் கண் தெரிந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள்தான், லைட் அணைந்தபின் பொரியும். குஞ்சுக்கு ரோட்டிஃபர் (நுண்ணிய உயிர்த்தீனி) தயாராக இல்லையென்றால் இந்தத் தடவை காப்பாற்ற முடியாது. கவலைப்பட வேண்டாம், இரண்டு வாரத்தில் மறுபடி போடும்.

பெரம்பூர்_உப்பு | ஞாயிறு, இரவு 9.05

பவளக்கொடி அக்கா, அந்தக் குட்டி இன்னும் இருக்கிறதா?

தாம்பரம்_பவளக்கொடி | ஞாயிறு, இரவு 9.30

இருக்கிறது, இரண்டு. ஒன்று சின்னப் பாறையோடு ஒட்டியிருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள், காலைப் பிய்க்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஜோடி சட்டியை விட்டு வருமா என்று எனக்குச் சந்தேகம்தான். சட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், முட்டை இருக்கும்போது அனிமோனையும் விரட்டிக் கடிக்கும். டேங்க்கின் மறுகோடியில், பொந்து இருக்கிற பாறை மேல்.

அடுத்த ஞாயிறு காலையில் வாருங்கள். மூடி போட்ட வாளி ஒன்று, தெர்மோகோல் பெட்டி ஒன்று. மின்சார ரயிலில் வந்தால் கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது உங்கள் டேங்க் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள், இங்கேயே சாலினிட்டி பார்த்துவிடலாம்.